லிபரோ என்றால் கடைசி ஆள் இல்லை: ஹாங் மியோங் போவின் ஆட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

தென்கொரியக் கால்பந்து என்றதும் பலருக்கு 2002 உலகக் கோப்பைதான் ஞாபகம் வரும். அந்த அணியின் கேப்டன், 20-ம் எண் சட்டைக்காரர், ஹாங் மியோங் போ. 1990, 1994, 1998, 2002 என்று தொடர்ந்து நான்கு உலகக் கோப்பைகளில் ஆடிய முதல் ஆசிய வீரர். நாட்டுக்காக 136 ஆட்டங்கள். கொரியாவில் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'என்றென்றைக்கும் லிபரோ'.

இந்த லிபரோ என்கிற இடத்தைப் பற்றித்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லாருக்கும் பின்னால் நின்று பந்தை உதைத்துத் தள்ளும் கடைசி ஆள் என்பார் ஒருவர். மூன்று டிஃபெண்டர்களில் நடுவில் நிற்பவர் என்பார் இன்னொருவர். நன்றாகப் பாஸ் போடும் டிஃபெண்டர் எவராக இருந்தாலும் லிபரோதான் என்று இன்றைய வர்ணனையாளர்கள் சொல்கிறார்கள். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, ஆனால் மூன்றுமே விஷயத்தைத் தொடவில்லை. வாலிபாலில் வரும் லிபரோவை நினைத்துக்கொண்டு வருபவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அந்த லிபரோ வலைக்கு மேலே வரும் பந்தை அடிக்கவே கூடாது. கால்பந்தின் லிபரோவுக்குத் தாக்குதலில் இறங்கத் தடையே கிடையாது, அவருடைய பெருமையே அதில்தான் இருக்கிறது.

ஹாங்கை வெறும் 'நல்ல டிஃபெண்டர்' என்று சொல்லிக் கடந்துபோனால் அவருடைய அருமையும் புரியாது, அவர் வாங்கிய அடிகளும் புரியாது. அதனால் முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம், அப்புறம் ஆளுக்கு வருவோம்.

பந்தி விசாரிப்பவர்

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கையில் சாம்பார் வாளி, ஒருவர் கையில் சோறு, ஒருவர் அப்பளக் கூடை. அவரவருக்கு ஒரு வேலை, ஒரு வரிசை. இவர்களோடு கையில் எதுவும் இல்லாமல் ஒரு பெரியவர் நடந்துகொண்டிருப்பார். பந்தி விசாரிப்பவர் என்போம். எந்த இலையில் ரசம் வரவில்லை, எந்தக் குழந்தைக்குத் தண்ணீர் இல்லை என்பது அவர் கண்ணில்தான் முதலில் படும். கையில் வாளி இல்லாததால்தான் அவருக்கு முழுப் பந்தியும் தெரிகிறது. அவசரம் என்றால் அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் இறங்கிவிடுவார்.

லிபரோ இந்தப் பெரியவர். மற்ற டிஃபெண்டர்கள் ஒவ்வொருவருக்கும் பார்த்துக்கொள்ள ஓர் எதிரணி ஆள் உண்டு. லிபரோவுக்குத் தனியாக ஆள் கிடையாது. அந்த விடுதலையை வைத்துக்கொண்டு அவர் இரண்டு காரியம் செய்கிறார். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைக்கிறார். பந்து கிடைத்ததும் அணியின் தாக்குதலைத் தொடங்கிவைக்கிறார், சில சமயம் பந்தோடு தானே மேலே போகிறார்.

இந்த உவமையை இங்கேயே விட்டுவிடலாம். மைதானத்தில் நடப்பது இதைவிடச் சிக்கலானது.

ஒருவர் எப்படி உபரியாகிறார்?

இதற்கு முதலில் தெரியவேண்டியது ஆள் பிடிக்கும் முறை. எதிரணியின் 9-ம் எண் வீரர் எங்கே போனாலும் அவர் பின்னாலேயே போ என்று ஒரு டிஃபெண்டரிடம் சொல்லிவிடுவது. நம் ஊர் மைதானங்களில் 'மேன் டு மேன்' என்பது இதைத்தான். இப்படி ஆள் பிடிக்கும் நடு டிஃபெண்டருக்கு ஸ்டாப்பர் என்று பெயர்.

எதிரணியில் இரண்டு முன்கள வீரர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களைப் பிடிக்க இரண்டு ஸ்டாப்பர்கள் போதும், கணக்கு சரியாகிவிடும். ஆனால் ஒரு ஸ்டாப்பரை ஏமாற்றிவிட்டு ஒருவன் உள்ளே நுழைந்தால் அவனுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவே யாருமில்லை. அதனால்தான் பின்னால் மூன்றாவதாக ஒருவரை வைத்தார்கள். எதிரணி ஆள் இரண்டு, நம் ஆள் மூன்று. அந்த ஒரு உபரி ஆள்தான் இந்த முறையின் உயிர்.

1960-களில் இத்தாலியின் இன்டர் மிலான் அணி, பயிற்சியாளர் எர்ரேராவின் கீழ், இந்த உபரி ஆளை வைத்தே ஐரோப்பாவை ஆண்டது. அங்கே அந்த இடத்தில் ஆடியவர் அர்மாண்டோ பிக்கி. அவருடைய வேலை பெரும்பாலும் துடைப்பதுதான். ஸ்டாப்பர்களைத் தாண்டி வருகிற பந்தையெல்லாம் பின்னால் நின்று சுத்தம் செய்தார். இந்த வகைக்கு ஸ்வீப்பர் என்று பெயர். 'கடைசி ஆள்' என்ற எண்ணம் இங்கிருந்து வந்ததுதான்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் மேற்கு ஜெர்மனியின் பெக்கன்பவர். அவர் யோசித்தது மிக எளிமையானது: எனக்குப் பிடிக்க ஆள் இல்லை என்றால், என்னைப் பிடிக்கவும் எதிரணியில் ஆள் இல்லைதானே? பந்தோடு நான் முன்னேறினால், யாரோ ஒருவன் தன் ஆளை விட்டுவிட்டு என்னிடம் வரவேண்டும். அவன் விட்டுவந்த ஆள் அந்தக் கணமே தனியாகிவிடுவான். பின்னால் உபரியாக இருந்த ஆள் இப்படி நடுக்களத்தில் உபரியாகிவிட்டார். 1974-ல் மேற்கு ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றது இந்த வகை லிபரோவோடுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஸ்டாப்பர் ஆளைப் பிடிப்பவர். ஸ்வீப்பர் பின்னால் நின்று துடைப்பவர். லிபரோ துடைக்கவும் செய்வார், மேலே போய் ஆட்டத்தைத் தொடங்கவும் செய்வார். எப்போது எதைச் செய்வது என்று முடிவெடுப்பதுதான் அவருடைய உண்மையான வேலை.

1994, டல்லாஸ்

ஹாங் 1969-ல் சியோலில் பிறந்தவர். கொரியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே 1990 உலகக் கோப்பை அணிக்குள் வந்துவிட்டார். 1992-ல் பொஹாங் நகரத்தின் போஸ்கோ ஆட்டம்ஸ் கிளப்பில் சேர்ந்தார். சேர்ந்த வருடமே கிளப் லீக்கை வென்றது, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. முதல் வருடத்து டிஃபெண்டர் ஒருவருக்கு அந்த விருதா என்று தோன்றலாம். அவர் கோலைத் தடுத்ததோடு நின்றவர் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

உலகம் அவரைக் கவனித்தது 1994-ல், அமெரிக்காவில். டல்லாஸில் ஸ்பெயினோடு முதல் ஆட்டம். 0-2 என்று பின்தங்கி, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஹாங் அடித்த ஃப்ரீகிக் தடுப்புச் சுவரில் பட்டுத் திசைமாறி வலைக்குள் போனது. 90-வது நிமிடத்தில் சியோ ஜங்-வோன் இன்னொன்று போட, ஆட்டம் 2-2.

கடைசிக் குழு ஆட்டம், அதே மைதானத்தில் ஜெர்மனியோடு. இடைவேளைக்குள்ளேயே கொரியா 0-3. டல்லாஸ் வெயில் கொளுத்துகிறது. இரண்டாம் பாதியில் ஜெர்மானியர்கள் தளர, ஹ்வாங் சன்-ஹாங் ஒன்று திருப்பினார். 63-வது நிமிடத்தில் ஹாங் பின்களத்தை விட்டு மேலே வந்து, பெனால்டி கட்டத்துக்கு வெகுதூரம் வெளியிலிருந்தே அடித்தார். கோல்கீப்பர் இல்க்னரைத் தாண்டிப் பந்து உள்ளே போய்விட்டது. 2-3. அதற்குமேல் கோல் வரவில்லை, கொரியா வெளியேறியது. ஆனால் உலகச் சாம்பியன் ஜெர்மனி கடைசி அரை மணி நேரம் பயந்து ஆடியதை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த இரண்டாவது கோலைத்தான் நான் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். அடித்த வேகத்துக்காக இல்லை. அவர் அடிக்கும்போது பக்கத்தில் யாருமே இல்லை என்பதற்காக. ஜெர்மனி வீரர்கள் அவரவர் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பின்னாலிருந்து வந்த 20-ம் எண் யாருடைய கணக்கிலும் இல்லை. பெக்கன்பவர் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் நாட்டு அணிக்கே திருப்பிக் காட்டிய மாதிரி. அந்த ஜெர்மன் அணியிலும் லிபரோ இருந்தார், லோதார் மத்தேயஸ்.

லிபரோ இருந்தால் போதும், கோல் விழாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1998-ல் மார்செய் நகரில் நெதர்லாந்திடம் கொரியா 0-5 என்று தோற்றது. அன்றும் பின்னால் நின்றவர் ஹாங்தான். நடுக்களத்தையே எதிரணி எடுத்துக்கொண்டால் ஓட்டை ஒன்றாக இருக்காது, நாலைந்தாக இருக்கும், உபரி ஆள் ஒருவர் எத்தனையை அடைப்பார்? அந்த நெதர்லாந்து அணியின் பயிற்சியாளர் பெயர் குஸ் ஹிடிங்க்.

ஹிடிங்கின் மூவர்

அதே ஹிடிங்க் 2001-ல் கொரியாவின் பயிற்சியாளராக வந்தார். ஹாங்குக்கு அப்போது 32 வயது. ஜப்பானில் பெல்மாரே ஹிரத்சுகா, அப்புறம் காஷிவா ரெய்சோல் என்று ஆடியிருந்தார். காஷிவாவில் கேப்டனாகவும் இருந்தார். காயத்தால் பல மாதங்கள் தேசிய அணிக்கு வெளியே இருந்தார். இனி அவர் தேவையா என்ற பேச்சு கொரியாவில் வெளிப்படையாகவே நடந்தது. கடைசியில் ஹிடிங்க் அவரைத் திரும்ப அழைத்தது மட்டுமில்லை, கேப்டன் பொறுப்பையும் கொடுத்தார்.

பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் கிம் தே-யங், இன்னொரு பக்கம் உயரமான சோய் ஜின்-சோல். இருவரும் ஸ்டாப்பர்கள், முரட்டுத்தனமாக ஆள் பிடிப்பவர்கள். நடுவில் ஹாங். அவருக்கு முன்னால் கிம் நம்-இல், எதிரணித் தாக்குதலை நடுக்களத்திலேயே உடைப்பவர். இந்த ஏற்பாட்டில் ஹாங் ஓடவேண்டிய தூரம் குறைந்தது, பார்க்கவும் பேசவும் நேரம் கிடைத்தது. 33 வயதுக்காரரின் கால்களை மிச்சப்படுத்தி அவர் கண்களைப் பயன்படுத்திக்கொண்ட ஏற்பாடு என்பேன்.

பலனைப் பாருங்கள். போலந்து, அமெரிக்கா, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின், ஜெர்மனி. அரையிறுதி வரைக்குமான இந்த ஆறு ஆட்டங்களில் கொரியா வாங்கிய கோல்கள் மொத்தம் மூன்று.

இத்தாலியோடு தேஜோன் நகரில் நடந்த ஆட்டம் லிபரோ பற்றிய பாடமாகவே இருந்தது. 0-1 என்று பின்தங்கியிருந்தபோது ஹிடிங்க் ஒவ்வொரு தற்காப்பு ஆளாக வெளியே எடுத்து முன்கள வீரர்களை இறக்கினார். 83-வது நிமிடத்தில் ஹாங்கையே எடுத்துவிட்டு சா து-ரியை இறக்கினார். ஒரு கோல் வேண்டிய நேரத்தில் பின்னால் உபரி ஆள் எதற்கு, அந்த ஆள் முன்னால் இருக்கட்டும் என்ற முடிவு. 88-வது நிமிடத்தில் சோல் கி-ஹியோன் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ஆன் ஜங்-ஹ்வான் தலையால் முடித்தார். லிபரோ என்பது அணி கையில் வைத்திருக்கும் ஒரு கூடுதல் ஆள், அவரை எங்கே செலவழிப்பது என்பது நேரத்தைப் பொறுத்தது. ஹிடிங்குக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது.

காலிறுதி குவாங்ஜுவில், மறுபடியும் ஸ்பெயின். 120 நிமிடம் கோலே இல்லை. பெனால்டியில் ஸ்பெயினின் நான்காவது ஆள் ஹோவாகினின் உதையைக் கொரியக் கோல்கீப்பர் லீ உன்-ஜே தடுத்தார். கொரியாவின் ஐந்தாவது உதை ஹாங்குடையது. உள்ளே போனால் அரையிறுதி, இதற்கு முன் எந்த ஆசிய அணியும் தொடாத இடம். பந்து வலையில் ஏறியதும், எப்போதும் இறுகிய முகத்தோடு இருக்கும் மனிதர் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டே ஓடினார். போட்டி முடிந்ததும் சிறந்த வீரருக்கான வரிசையில் ஆலிவர் கான், ரொனால்டோ இருவருக்கும் அடுத்து மூன்றாவதாக அவர் பெயர் வந்தது. ஆசியாவிலிருந்து அந்த வரிசைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

பதினோரு வினாடி

அதே போட்டியின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், தேகு நகரில், துருக்கியோடு. ஆட்டம் தொடங்கியது, கொரியா பந்தைத் தொட்டு வழக்கம்போல் பின்னால் ஹாங்கிடம் அனுப்பியது. அவர் அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதற்குள் துருக்கி வீரர்கள் பாய்ந்து பறித்துவிட்டார்கள். ஹகான் ஷுகுர் அடித்தார், கோல். ஆட்டம் தொடங்கி பதினோரு வினாடிகூட ஆகவில்லை. உலகக் கோப்பை வரலாற்றிலேயே மிக வேகமான கோல் இன்றும் அதுதான்.

இதைக் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்கு நியாயமாகப் படவில்லை. லிபரோவுக்குப் பின்னால் கோல்கீப்பர் மட்டும்தான் இருக்கிறார். ஸ்டாப்பர் செய்யும் பிழையைத் துடைக்க லிபரோ உண்டு, லிபரோவின் பிழையைத் துடைக்க யாரும் இல்லை. அந்த இடத்தில் இருப்பவர் பந்தை வாங்கி நிதானமாக ஆட்டத்தைத் தொடங்கவேண்டும் என்றுதான் அணியே எதிர்பார்க்கிறது. அதனால் அந்த ஆபத்தைத் தவிர்க்கவும் முடியாது. தூக்கி வெளியே உதைத்திருந்தால் கோல் விழுந்திருக்காது, ஆனால் அப்படி உதைப்பவர் லிபரோவும் இல்லை.

இந்த இடம் ஏன் மறைந்தது?

இன்று உயர்மட்டக் கால்பந்தில் பழைய பாணி லிபரோ இல்லை. காரணங்கள் மூன்று நான்கு சொல்லலாம், இரண்டுதான் முக்கியம்.

முதலாவது ஆஃப்சைடு. சக வீரர் பந்தை அனுப்பும் கணத்தில், தாக்குபவர் எதிரணியின் கடைசி இருவரில் முன்னால் நிற்பவரைத் தாண்டி இருக்கக்கூடாது. பொதுவாக அந்த இருவர் கோல்கீப்பரும் ஒரு டிஃபெண்டரும்தான். டிஃபெண்டர்கள் நால்வரும் ஒரே கோட்டில் நின்று சேர்ந்து மேலே ஏறினால் எதிரணி ஆட்கள் ஆஃப்சைடில் மாட்டுவார்கள். லிபரோ ஐந்தாறு மீட்டர் பின்னால் நின்றால் அந்தக் கோடே உடைந்துவிடும். 1980-களின் கடைசியில் ஏசி மிலான், பயிற்சியாளர் சாக்கியின் கீழ், ஆளைப் பிடிப்பதை விட்டுவிட்டு இடத்தைக் காக்கும் முறையில் ஆடி வென்றது. அவரவர் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்வது, எல்லோரும் ஒன்றாக நகர்வது. ஆள் பிடிக்கவில்லை என்றால் உபரி ஆள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது எளிய கணக்கு. எதிரணி ஒரே ஒரு முன்கள வீரரோடு வந்தால்? இரண்டு ஸ்டாப்பர், ஒரு லிபரோ, மூன்று பேர் சேர்ந்து ஒருவரைப் பார்க்கிறார்கள். பின்னால் இரண்டு பேர் சும்மா நிற்க, நடுக்களத்தில் ஆள் பற்றாது. ஒற்றை முன்கள வீரர் பழக்கம் பரவப் பரவ லிபரோ குறைந்துகொண்டே போனார்.

சுருக்கமாக: லிபரோ இருப்பதற்கு மற்றவர்கள் ஆள் பிடிக்கவேண்டும். அது போனதும் இதுவும் போனது. இன்று நன்றாகப் பாஸ் போடும் டிஃபெண்டர்கள் ஏராளம், ஆனால் அவர்கள் எல்லோருக்கும் காக்கவேண்டிய ஒரு பகுதி இருக்கிறது. அவர்கள் லிபரோவின் ஒரு வேலையை வாங்கிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

கோட்டுக்கு வெளியே

ஹாங் கடைசியாக அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்ஸியில் ஆடிவிட்டு 2004-ல் ஓய்வு பெற்றார். ஆட்டத்தை முழுசாகப் பார்க்கத் தெரிந்தவர் நல்ல கோச்சாகத்தான் வருவார் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். இது நாம் பேசும் விஷயத்தில் இன்னொரு தளர்வான நம்பிக்கை. லிபரோ பார்த்ததை அந்த நொடியே தானே சரிசெய்கிறார். கோச் பார்க்கலாம், கத்தலாம், மாற்று ஆளை இறக்கலாம். ஓட்டையில் தானே போய் நிற்க முடியாது.

கோச்சாக இளைஞர்களோடு அவருக்கு நன்றாகவே அமைந்தது. 2009-ல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் காலிறுதி. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் போட்டியை நடத்திய பிரிட்டனையே பெனால்டியில் வெளியேற்றினார். கார்டிஃப் நகரில் ஜப்பானை 2-0 என்று வென்று வெண்கலம். கொரியக் கால்பந்துக்கு அதுவே முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அந்தப் பதக்கத்தின் எடை புரிய ஒன்று தெரியவேண்டும். கொரிய ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு, ஒலிம்பிக் பதக்கம் வென்றால் அதிலிருந்து விலக்கு கிடைக்கும். முன்கள வீரர் பார்க் சூ-யங் ராணுவச் சேவையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார் என்று நாடே கொதித்திருந்தபோது, ஹாங் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தியாளர்களைச் சந்தித்தார். இவர் ராணுவத்துக்குப் போகவில்லை என்றால் இவருக்குப் பதில் நான் போகிறேன் என்றார். வெண்கல ஆட்டத்தில் முதல் கோலை அடித்தது அந்தப் பார்க்தான். அதே ஆட்டம் முடியும் தறுவாயில், அதுவரை ஒரு நிமிடம்கூட ஆடாத கிம் கீ-ஹீயை ஹாங் இறக்கினார். களத்தில் கால் வைக்காதவருக்கு விலக்கு இல்லை என்பது அப்போதைய விதி. யார் இலை காலி என்று பார்க்கும் கண் அவரிடம் அப்படியே இருந்தது.

அதே குணம் இரண்டே வருடத்தில் அவரைக் கவிழ்த்தது. 2014 பிரேசில் உலகக் கோப்பைக்கு, தேசிய அணியின் கோச்சாக, கிளப்பில் அதிகம் ஆடாத பார்க்கை மறுபடி எடுத்தார். விசுவாசத்துக்காக அணி எடுக்கிறார் என்று கண்டனம் எழுந்தது. ரஷ்யாவோடு சமன், அல்ஜீரியாவிடம் 2-4, பெல்ஜியத்திடம் 0-1, முதல் சுற்றிலேயே வெளியே. திரும்பி வந்த அணி மீது இன்சியோன் விமான நிலையத்தில் மிட்டாய் வீசினார்கள். கொரியாவில் அது வசவுக்குச் சமம். ஜூலையில் ராஜினாமா செய்தார். என் கணிப்பில் அவர் விசுவாசம் பார்த்தது தவறில்லை. அல்ஜீரியா முதல் பாதியிலேயே மூன்று கோல் போட்டபோது அவரிடம் மாற்றுத் திட்டம் இல்லை என்பதுதான் தவறு.

பிறகு சீனாவில் ஒரு கிளப், கொரியக் கால்பந்துச் சங்கத்தில் நிர்வாகப் பதவி. 2021-ல் உல்சான் கிளப்புக்கு வந்து, 2022-ல் 17 வருடத்துக்குப் பிறகு அதற்கு லீக் கோப்பை வாங்கித் தந்தார், 2023-ல் மறுபடியும். 2024 ஜூலையில் சீசன் நடுவிலேயே உல்சானை விட்டுவிட்டுத் தேசிய அணிக்குத் திரும்பியது பெரிய சர்ச்சையானது. அவரைத் தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றி நாடாளுமன்றத்தில் கூப்பிட்டே கேட்டார்கள். சியோலில் முதல் ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். ஆனாலும் 2025 ஜூனில் பஸ்ராவில் ஈராக்கை 2-0 என்று வென்று, 2026 உலகக் கோப்பைக்கான இடத்தை கொரியா உறுதிசெய்தது.

அதற்குப் பிறகு அவர் மூன்று டிஃபெண்டர் முறையைக் கையில் எடுத்தார். செப்டம்பரில் அமெரிக்காவை அதே முறையில் 2-0 என்று வென்றார்கள், அக்டோபரில் சியோலிலேயே பிரேசிலிடம் 0-5 வாங்கினார்கள். நடுவில் நிற்பவர் கிம் மின்-ஜே. லிபரோ திரும்பிவிட்டார் என்று சிலர் உடனே எழுதினார்கள். ஆட்டத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கிம் மின்-ஜேயின் பலமே முன்னால் பாய்ந்து, பந்து வருவதற்குள் எதிரணி ஆளை மடக்குவது. அவர் பாயும்போது பக்கத்து இருவரும் உள்ளே நெருங்கி அவர் இடத்தை மூடுகிறார்கள். நடுவில் நிற்பவர்தான் இங்கே ஸ்டாப்பர், துடைக்கும் வேலை ஓரத்தில் நிற்பவர்களுக்கு. ஹாங் ஆடிய காலத்து ஏற்பாட்டுக்கு இது நேர் எதிர்.